பதினாறு கிலோ எஞ்சின்

ரெம்பியா
5 ஜனவரி 2025

அப்பு,

உறையின் மேல் திவாகர் என்று எழுதும்போது யாரோ வேற்றாளுக்கு எழுதுவது மாதிரி இருந்தது. உள்ளே அப்பு என்றே எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? நீ இருப்பது சரவாக்கில் ஆற்றுக்கு மேலே ஒரு செம்பனைத் தோட்டம், போன் லைன் கிடையாது, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கம்பெனிப் படகில்தான் கடிதம் வரும் என்று பவானி சொன்னாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படி.

என் பிள்ளை புவனேஷ் போய் இன்றைக்கு எண்பத்தைந்து நாள். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இன்னும் வேலைக்குப் போகவில்லை. கருமாதி முடிந்த மூன்றாம் நாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். பெண்டாட்டியிடம் சொல்லத் தெரிந்தது. அக்காளிடம் சொல்ல வாய் வரவில்லை.

போன திங்கட்கிழமை கோலாலம்பூரிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். விமலன் என்று பெயர், நம்ம ஆள்தான். விமானம் விழுந்தால் ஏன் விழுந்தது என்று எழுதி வைப்பது அவர் வேலையாம்.

"பெட்ரோல்ல எண்ணெய் கலந்தது யாரும்மா?" என்று கேட்டார்.

"என் மகன்தான் சார். யாரையும் தொட விடமாட்டான்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகுதான் சொன்னார், எஞ்சினில் எண்ணெய்க் குறை இருந்த மாதிரி தெரிகிறது, அப்படியென்றால் ஓட்டியவரின் கவனக்குறைவு என்றுதான் தாளில் வரும் என்று. என் வாயால் நானே அவன் தலையில் போட்டுவிட்டேன்.

அவன் கவனக்குறைவான பிள்ளையா? செங்கில் இருக்கிற பேக்டரியில் ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்கு வராமல் உன் பட்டறைக்குத்தான் வருவான். மூன்று வருடம் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் குட்டி விமானத்துக்கு எஞ்சினைச் செய்தீர்கள். ஒரு ஆணியைக்கூட இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பவன். அன்றைக்குச் செர்காம் கடலோரத் திடலில் கூட இருந்தவன் நீ ஒருவன்தான். என்ன நடந்தது என்று எனக்கு எழுது. அந்தத் தாளில் அவன் பெயர் கெடக்கூடாது.

பூச்சி பொட்டு பார்த்து இரு. கொசுவலை கட்டிப் படு.

உன் அக்கா
மலர்க்கொடி


29 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். இங்கே தண்ணீர் இறைக்கும் பம்ப், படகு எஞ்சின் எல்லாம் பழுது பார்க்கிறேன். நீங்கள் சத்தான சாப்பாடு சாப்பிட வேண்டும்.

நடந்தது இதுதான். பெட்ரோல் போகிற துளையை நான் சின்னதாக்கி இருந்தேன், எரிபொருள் மிச்சமாகும் என்று. கலவையில் காற்று அதிகமாகிவிட்டது. எஞ்சின் சூடேறி பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்திருக்கும். தவறு என்னுடையது. புவனேஷ் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதிகாரியிடம் இதையே சொல்லுங்கள்.

பவானியையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திவாகர்


ரெம்பியா
16 பிப்ரவரி 2025

அப்பு,

தைப்பூசத்துக்கு இந்த வருடம் நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை. சாவுத் தீட்டு. என்கூட வேலை செய்யும் ராஜம்மா திருநீறு கொண்டுவந்து கொடுத்தாள். உனக்கும் கொஞ்சம் மடித்து வைத்திருக்கிறேன். ஈரத்தில் கரைந்துவிடாமல் எடுத்துப் பூசிக்கொள்.

நீ சொன்னதை அப்படியே விமலன் சாரிடம் சொன்னேன். அவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். உங்கள் எஞ்சினின் இரண்டு பிஸ்டனும் வெள்ளைத் துணி மேல் இருந்தன.

நான் பதினெட்டு வருடம் புல் வெட்டும் மெசினைத் தோளில் மாட்டியவள், அப்பு. அதுவும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்தான். காருக்கு எண்ணெய் அடியில் தனியாக நிற்கும். இதற்கு அப்படி இல்லை. பெட்ரோலோடு கலந்து போகிற எண்ணெய்தான் இதற்கு எல்லாம். ராஜம்மா சேர்ந்த புதிதில் வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டாள். பத்து நிமிடத்தில் மெசின் கத்திக்கொண்டு இறுகிப்போனது. கண்டிராக்டர் அதைப் பிரித்து எங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துக் காட்டினார். "இது பிஸ்டனா, பூனை பிராண்டின பலகையா லா?" என்று கேட்டார். பக்கமெல்லாம் வரிவரியாகச் சிராய்த்திருந்தது.

உங்கள் பிஸ்டனும் அதே மாதிரிதான் இருக்கிறது. தலையில் ஓட்டை இல்லை. சுற்றிலும் சிராய்ப்பு, இரண்டிலும்.

நீ எனக்குப் பொய் எழுதியிருக்கிறாய். எனக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிட்டாய். அந்தப் பெட்ரோலில் எண்ணெய் இருந்ததா இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது.

மலர்க்கொடி


10 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

திருநீறு கிடைத்தது. நடுவில் ஒரு படகு வந்து போனது. அதில் உங்களுக்குக் கடிதம் போடவில்லை. எழுதிக் கிழித்தேன்.

எண்ணெய் இல்லை. ஆயுத பூஜைக்கு எஞ்சினைக் கழற்றி உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது டேங்கை முழுக்கக் காலி செய்திருந்தோம். மறுநாள் விஜயதசமி காலையில் புதிதாகக் கலந்தது நான். அவசரத்தில் எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. புவனேஷ் முதலில் வரைந்த எஞ்சினில் தனி எண்ணெய் டப்பாவும் ஒரு சின்ன பம்பும் இருந்தன. எஞ்சின் சுற்றச் சுற்ற பம்ப் தானாக எண்ணெய் கொடுக்கும். பெட்ரோலில் கலக்கவே வேண்டாம். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டது நான். ஒரு கிலோ முந்நூறு கிராம் கூடுகிறது, பதினாறு கிலோவைத் தாண்டினால் இந்த இறக்கைக்குப் பாரம் என்றேன். பம்ப் பாதி வழியில் கெட்டால் மேலே இருப்பவனுக்குத் தெரியாது, கையால் கலந்தால் நம் கண் முன்னால் இருக்கும் என்றும் சொன்னேன். "மனுசன் மறப்பான் மாமா, பம்ப் மறக்காது" என்றான். நான் சிரித்தேன்.

அந்தப் பம்ப் இருந்திருந்தால் வெறும் பெட்ரோல் ஊற்றியிருந்தாலும் அவன் இறங்கி வந்திருப்பான். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

திவாகர்


ரெம்பியா
23 மார்ச் 2025

திவாகர்,

உடம்பு எப்படி என்று கேட்க எனக்கு மனம் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

அம்மா சாகும்போது உனக்கு ஒன்பது வயது. உனக்குத் தலை வாரி, சட்டை துவைத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் காட்டு வேலைக்குப் போவேன். என் பிள்ளையை உன் கையில் விட்டேன். அவனுக்கு அப்பன் இல்லை, மாமன் இருக்கிறான் என்று இருந்தேன். நீ எண்ணெய் ஊற்ற மறந்தாய். மறந்துவிட்டு என் வீட்டில் கருமாதிச் சோறு சாப்பிட்டாய்.

நேற்று உன் பெண்டாட்டி வந்தாள். செங் சன்னாசிமலைக்குப் போய்விட்டு அப்படியே வந்திருக்கிறாள், காலெல்லாம் மண். உன் கடிதத்தை அவள் மடியில் போட்டேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இத நீங்க நம்புறீங்களா அண்ணி?"

"அவனே எழுதியிருக்கான். நான் எதுக்கு நம்பாம இருக்கணும்?"

"வீட்டுல கேஸ் அடைச்சாச்சான்னு மூணு தடவ எந்திரிச்சுப் பார்க்கிற மனுசன் அவரு. எண்ணெய் ஊத்த மறந்தாராம். உங்க மகனுக்கு மட்டுந்தான் கவனமா? எங்க வீட்டுக்காரரு குப்பையா?"

"உன் புருசன் உசுரோட இருக்கான் பவானி. நீ கத்தலாம்."

அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதிகாரியிடம் நீயே சொல். இனி எனக்கு எழுதாதே.

மலர்க்கொடி


20 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றுக்கு மன்னியுங்கள்.

எண்ணெய் ஊற்ற மறந்தது நான் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, விமலன் சாருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஜூன் 23ஆம் தேதி விசாரணையை முடிக்கிறார்களாம். அதற்குப் பிறகு போலீசுக்குப் போகலாம், வழக்கு வரலாம் என்று பதில் வந்தது. வரட்டும். தாளில் புவனேஷ் பெயர் சுத்தமாக இருக்கும். நீங்கள் கேட்டது அதுதானே.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வீட்டுப் பின்பக்கம் இருக்கிற பழைய சாமான்களை யாரிடமாவது சொல்லி அள்ளிப் போடச் சொல்லுங்கள். நீங்கள் அதையெல்லாம் தொட வேண்டாம்.

திவாகர்


ரெம்பியா
11 மே 2025

அப்பு,

போன திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். ராஜம்மாதான் வந்து இழுத்துப் போனாள். "வீட்டுல குந்தி சொவத்தப் பாத்துக்கிட்டு இருந்தா சொவரு என்னா பேசவா போவுது? வா லா" என்றாள்.

மெசினை எடுக்கப் பின்பக்கம் போனேன். என் பெட்ரோல் கேன், அந்தச் சிவப்புத் தோங், நான் வைத்த இடத்திலேயே இருந்தது. ஏழு மாதம் யாரும் தொடவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் வெறும் பெட்ரோல்தான் கொண்டுபோவேன், வேலை இடத்தில் அன்றன்றைக்கு வேண்டிய மட்டும் பாட்டிலில் எண்ணெய் கலப்பேன், உனக்குத் தெரியும். பாட்டிலில் ஊற்றினேன். பச்சையாக விழுந்தது.

ராஜம்மா, "என்னா மலரு, அதுக்குள்ள எண்ணெ ஊத்திட்டியா?" என்றாள். நான் ஒன்றும் ஊற்றவில்லை. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். வழுவழு என்று இருந்தது. எங்கள் மெசினுக்கு நாங்கள் வாங்குவது சிவப்பு எண்ணெய். பச்சை எண்ணெய் புவனேஷுடையது. விமான எஞ்சினுக்கென்று தனியாக வாங்கி வைத்திருந்தான்.

அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு தோங்கும் ஒரே கடையில் வாங்கியது. ஒரே சிவப்பு, ஒரே அளவு. அடையாளத்துக்கு அவன் எண்ணெய் கலந்த தோங்கின் பிடியில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி வைத்திருப்பான். ஆயுத பூஜைக்கு நான் எல்லாவற்றையும் கழுவினேன். கத்தி, மெசின், உங்கள் எஞ்சின், தோங் எல்லாம். அந்தத் துணி எண்ணெய் பிசுக்கேறிக் கறுப்பாக இருந்தது. சாமி முன்னால் அழுக்குத் துணி வைக்கக்கூடாது என்று அவிழ்த்து எறிந்தேன். புதுத் துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்து எல்லாவற்றுக்கும் கட்டினேன். எல்லாவற்றுக்கும், அப்பு. என் தோங்குக்கும் கட்டினேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். மறுநாள் விடிகிற நேரத்தில் அவன் கார் ஸ்டார்ட் செய்துகொண்டு, "அம்மா, மஞ்சத் துணி கட்டின தோங்க எடுத்து வைங்க" என்றான். நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

நீ ஒன்றும் மறக்கவில்லை. உனக்கு எப்போது தெரியும்? பின்பக்கம் தொட வேண்டாம் என்று எழுதினாயே, அப்போதே தெரியுமா?

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது. கிழிக்காதே.

அக்கா


2 ஜூன் 2025

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படகுத்துறையிலேயே நின்று படித்தேன். நீங்கள் தனியாக இருக்காதீர்கள். பவானியை வந்து கூட இருக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கே தெரியும். ஆம்புலன்ஸ் போன பிறகு தோங்கின் அடியில் மிச்சம் இருந்ததைப் பார்த்தேன். பச்சை இல்லை. துணியை அவிழ்த்துக் கடலில் போட்டேன். சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வந்தபோது இன்னொரு தோங்கிலும் அதே துணி. அதையும் அவிழ்த்தேன். தோங்கையே தூக்கிப் போயிருக்க வேண்டும். வீடு நிறைய ஆள். நீங்கள் தரையில் கிடந்தீர்கள். அதற்குப் பிறகு உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் சொல்லிவிடுவேன் என்றுதான் இங்கே வந்தேன்.

ஆனால் அக்கா, ஊற்றியது நான். நான் ஊற்றும் முன் புவனேஷ் விரலில் தேய்த்துப் பார்க்கக் கையை நீட்டினான். "உங்கம்மா சாமி கும்பிட்டுக் கட்டிவிட்டது லா, இதுக்கு மேல என்னா டெஸ்ட்டு? காத்து ஏறுது, கெளம்பு" என்று சொன்னது நான். பம்பை வேண்டாம் என்று அடித்ததும் நான். நீங்கள் கட்டியது ஒரு துணி. நான் செய்தது இரண்டு.

என் கையெழுத்து அங்கே இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள். பெற்றவள் கையால் போனான் என்று அந்தத் தாளில் வரக்கூடாது.

அப்பு


ரெம்பியா
15 ஜூன் 2025

அப்பு,

நேற்று உன் கடிதம் வந்தது. இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் உன்னிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி நான் விமலன் சாரைப் பார்க்கப் போகிறேன். பவானி கார் ஓட்டுகிறாள். உன் கடிதம் வந்த அன்றே அவள் பாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்துவிட்டு, "விட்டுட்டுப் போயிட்டாருன்னு அவரையும் போய்ப் பேசினேனே அண்ணி, உங்களையும் போய்ப் பேசினேனே" என்று அழுதாள். நான் உனக்குச் சொன்ன வார்த்தையெல்லாம் எனக்கு இப்போது வாயில் கசக்கிறது. அந்தக் கருமாதிச் சோற்றை நீ எப்படி விழுங்கினாய்?

எனக்காக நீ ஜெயிலுக்குப் போனால் நான் அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கவா?

கோபப்படாதே.

அக்கா


ரெம்பியா
25 ஜூன் 2025

அப்பு,

நீ சுகமாக இருக்கிறாயா? எனக்கு நேற்று முழுக்கக் காய்ச்சல். இன்று பரவாயில்லை. பவானி கஞ்சி வைத்துக் கொடுத்தாள். பிள்ளை உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

போய்வந்தேன். தோங்கையும் கொண்டுபோனோம். வாசலில் காவல்காரர் உள்ளே விடவில்லை. விமலன் சாரே கீழே இறங்கி வந்து, கார் பக்கத்திலேயே நின்று, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பார்த்தார். பிறகு மேலே கூட்டிப் போனார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். ஒரு இடத்தில் பேனாவை வைத்துவிட்டார்.

"உங்க தம்பி ஒத்துக்கிட்டாரும்மா. கையெழுத்துப் போட்ட தாள் இங்க இருக்கு. நீங்க எதுக்கு இதைத் தலையில போட்டுக்கிறீங்க?"

"அது பொய் சார். உங்க புத்தகத்துல பொய் ஏறிச்சுன்னா, நாளைக்கு இன்னொரு பையன் எஞ்சின் செய்யும்போது அதத்தான படிப்பான்? எண்ணெ ஊத்த மறக்காதன்னு மட்டும் படிச்சிட்டுப் போயிருவான். பம்ப அவனும் அடிச்சிருவான்."

அவர் மறுபடி பேனாவை எடுத்தார்.

தாளில் என்ன வரும் என்று கேட்டேன். மலாயில் எழுதியதைத் தமிழில் படித்துச் சொன்னார். கலந்த பெட்ரோலும் கலக்காத பெட்ரோலும் ஒரே மாதிரித் தோங்கில், ஒரே அடையாளத்தோடு இருந்தன. ஊற்றும் முன் சோதிக்கவில்லை. எடையைக் குறைக்க எண்ணெய் பம்பை எடுத்துவிட்டதால் தவறு நேர்ந்தாலும் எஞ்சினைக் காப்பாற்ற வழி இல்லாமல் போனது. ஓட்டியவர் கவனக்குறைவு என்ற வரியை அடித்துவிட்டார். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். காட்டினார். நேராக ஒரு கோடு.

என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். துணி கட்டியதற்கு எந்தச் சட்டத்திலும் வழக்கு இல்லையாம். நீ ஒருதரம் வந்து, முதலில் எழுதியது சரியில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய் எழுதியதற்குக் கேள்வி கேட்பார்கள், பதில் சொல். ஊற்றியதையும் சொல், பம்பையும் சொல். உன்னுடையதை நீ சொல், என்னுடையதை நான் சொல்லிவிட்டேன். அடுத்த படகிலேயே ஏறி வா. உன் பிள்ளைக்கு அப்பன் வேண்டும்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். வேறு யாரிடமும் கேட்க முடியாது. எஞ்சின் நின்றதற்கும் கீழே விழுந்ததற்கும் நடுவில் நாற்பது விநாடி என்று விமலன் சார் சொன்னார். சத்தமில்லாமல் மிதந்துகொண்டு, இறங்க இடம் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். எந்த எஞ்சின் நின்றாலும் எதனால் நின்றது என்று காதாலேயே சொல்லுகிற பிள்ளை. அந்த நாற்பது விநாடியில், தோங்கைத் தூக்கிக் கொடுத்த அம்மாவை அவன் நினைத்திருப்பானா, அப்பு?